கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் கெசியா

சனிக்கிழமை பகல் ஒரு மணிக்கு ஆலை எந்திரங்களை நிறுத்த வேண்டும் என்று சட்டம் வந்த பிறகுதான் ஹாக்ஷா ஊர் ஆண்களுக்குக் கால் என்று ஒன்று இருப்பதே தெரிந்தது. அதுவரை அது தறிக்கு முன்னால் நிற்க மட்டும்தான் பயன்பட்டது. இப்போது மூன்று மணிக்குள் தேவாலயத்துக்குப் பின்னாலிருந்த மேய்ச்சல் நிலத்தில் பந்து உருண்டது.

கெசியாவின் கணவன் ஈனோக்தான் கோல் காத்தான். நல்ல உயரம், அகலமான கை. காதைத்தான் இருபது வருடத் தறிச்சத்தம் தின்றுவிட்டது. போன வாரம் வெளியே போய்க்கொண்டிருந்த பந்தைப் பார்த்து, “விடுடா, விடுடா” என்று பத்துப் பேர் கத்தினார்கள். ஈனோக் தாவிப் போய் அதைத் தன் கோலுக்குள்ளேயே தட்டிவிட்டான்.

ஊர்க் கால்பந்துக் குழுச் செயலாளர் செத் ஹாவொர்த் சொன்னார்: “இன்னொரு தடவ இப்படி ஆச்சுன்னா உனக்குப் பதிலா வேலிக்கம்ப நட்டுருவோம். அதுக்கும் காது கேக்காது. ஆனா தாவாது பாரு.”

அன்று ஈனோக் சாப்பிடவில்லை. ஆறு நாளும் அவன் தறி ஓட்டியது அந்த ஒன்றரை மணி நேரத்துக்காக. அது கெசியாவுக்குத் தெரியும்.

யாராவது எதிரே வந்தால் தெருவின் மறுபக்கம் போய்விடுகிற பெண் அவள். ஆனால் தறிக்கூடத்தில் சத்தத்துக்கு நடுவே எல்லோரும் உதட்டை அசைத்தே பேசுவார்கள். அங்கே நாற்பது தறிக்கு அப்பால் நிற்பவளோடும் அவள் ஓயாமல் வம்பளப்பாள். குரல் இல்லாத பேச்சுக்குக் கூச்சம் கிடையாது.

அடுத்த சனிக்கிழமை அவள் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். எதிரணி லண்டனிலிருந்து வந்த கனவான்கள். பெரிய பள்ளிகளில் படித்தவர்கள், தறியைக் கண்ணால் கண்டதில்லை. அவர்களின் தலைவர் தூரத்தில் தன் ஆட்களைக் கூட்டிக் குசுகுசுத்தார்: “உயரமானவனுக்குத் தூக்கிப் போடு.” கெசியா அவர் உதட்டைப் படித்து, அதை அப்படியே ஈனோக்குக்கு உதட்டில் அசைத்துக் காட்டினாள். அவன் பிடித்தான். மறுபடி அசைத்தாள், மறுபடி பிடித்தான். ஹாக்ஷா ஒரு கோலில் ஜெயித்தது.

பாதிரியார் நெகிழ்ந்துபோய் வந்தார். “ஏம்மா கெசியா, ஆட்டம் முடியறவரைக்கும் உதடு ஓயாம ஜெபம் பண்ணினீங்களே. இனி புதன்கிழமை பெண்கள் கூட்டத்த நீங்கதான் நடத்தணும்.”

கெசியா கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒதுங்கினாள். பாதிரியாரின் உதட்டைப் படித்த ஈனோக், காது கேளாதவர்களுக்கே உரிய குரலில் மைதானம் முழுக்கக் கேட்கும்படி சொன்னான்: “இவளா ஜெபம் பண்ணா? அவங்க ரகசியத்த எல்லாம் எனக்குச் சொல்லிட்டு, நடுவுல சட்டைய உள்ள விடுன்னு திட்டிக்கிட்டில்ல இருந்தா.”

கனவான்களின் தலைவர் சிவந்துபோனார். “இது நியாயமா?”

“உதட்ட அசைக்கக் கூடாதுன்னு விதி எதுவும் இல்லீங்களே,” என்றார் செத். பிறகு ஈனோக்கின் முகத்துக்கு நேரே திரும்பினார். “நீ இருடா. ஆனா உன் பொண்டாட்டி வராத அன்னிக்கு நீயும் வராத.”

பாதிரியார் அதன்பின் புதன்கிழமைப் பேச்சை எடுக்கவில்லை. ஈனோக் பன்னிரண்டு வருடம் கோல் காத்தான். கெசியா மழையிலும் பனியிலும் நின்றாள். தவறியது இரண்டே சனிக்கிழமைகள். இரண்டும் பிள்ளை பெற்ற நாள். இரண்டிலும் ஊர் தோற்றது.

இரண்டாவது முறை செத் வீட்டுக்கே வந்தார். தொட்டிலை எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

“திங்கக்கெழம பொறந்திருந்தா இன்னும் அழகா இருந்திருப்ப, கண்ணு.”