ஊர்ப் புத்தகத்தில் நடந்த கல்யாணம்

பொன்னியம்மாளுக்குப் பொறுமை கிடையாது. பழவேற்காடு மார்க்கெட்டில் நண்டு வாங்க வருகிறவர்கள் நண்டைக் கையில் தூக்கி எடை பார்த்தால், பிடுங்கிக் கூடையில் போட்டுவிடுவாள். இரண்டாவது முறை விலை கேட்டவர்களுக்குப் பதில் சொல்ல மாட்டாள். நல்லதண்ணிக்குப்பத்தில் அவளோடு சண்டை போடாதவர்கள் கிடையாது. நீண்ட சண்டை போட்டவர்களும் கிடையாது. அவளுக்கு அதற்கும் பொறுமை இல்லை.

கணவன் செங்கல்வராயன் மார்வலி வந்து, பொன்னேரிக்குப் போகும் வழியில் ஆட்டோவிலேயே இறந்துபோனபோது அவர்களுடைய ஒரே பெண் நிவேதாவுக்குப் பதினைந்து வயது. அழுது முடித்த மூன்றாம் நாள் ஊர் பேசியது பாடு பற்றி. பழவேற்காடு ஏரியில் இறால் நன்றாக விழும் இடங்கள் சிலவே. ஊரிலுள்ள வீடுகள் முறைவைத்து அங்கே வலை போடும். அந்த முறைக்குத்தான் பாடு என்று பெயர். முறை ஆளுக்கு அல்ல, வீட்டுக்கு; வீடு என்றால் கல்யாணமான ஓர் ஆண் இருக்க வேண்டும். அப்படிப்பட்ட வீட்டையும் அந்த ஆணையும் தலைக்கட்டு என்பார்கள். செங்கல்வராயன் போனதும் அவன் வீடு தலைக்கட்டு இல்லாமல் போயிற்று.

ஊர்ப் பெரியவர் சின்னதம்பி இரக்கமானவர். தலைக்கட்டுப் புத்தகம் இருபத்திரண்டு வருடமாக அவரிடம்தான் இருக்கிறது. அவர்தான் ஒரு வழி சொன்னார். பொன்னியம்மாளின் அண்ணன் மகன் பால்ராஜ் நிவேதாவுக்கு முறைப் பையன். அவனை வீட்டோடு மாப்பிள்ளை என்று புத்தகத்தில் எழுதிவிட்டால் பாடு நிற்கும். அவன் வலை போட்டு, விழுந்ததில் பாதியை அத்தைக்குக் கொடுப்பான். கல்யாணம் என்று ஒன்றும் வேண்டாம். எழுதினால் போதும்.

பொன்னியம்மாள் ஒப்புக்கொண்டாள். அன்றைக்கு அடுப்பு எரிய வேண்டியிருந்தது. 'தலைக்கட்டு பால்ராஜ், மனைவி நிவேதா' என்று சின்னதம்பி அழகான கையெழுத்தில் எழுதி, தேதி போட்டார். நிவேதா அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்தாள்.

பிறகு யாரும் அதைக் கல்யாணமாக நினைக்கவில்லை. பால்ராஜ் தன் அப்பா அம்மாவோடுதான் இருந்தான். முறை வரும்போது இறாலைக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போவான். நிவேதாவை 'டாக்டரே' என்று கூப்பிட்டுக் கேலி செய்வான். அவள் எந்நேரமும் புத்தகமும் கையுமாக இருந்தாள்.

நிவேதா நீட் எழுதி நல்ல மதிப்பெண் வாங்கினாள். சென்னையிலேயே அரசுக் கல்லூரி கிடைக்கும் என்று பள்ளியில் சொன்னார்கள். அவள் புனேயிலுள்ள ராணுவ மருத்துவக் கல்லூரிக்கும் விண்ணப்பித்திருந்தாள். அங்கே படிப்புக்குக் கட்டணம் இல்லை. படித்து முடித்ததும் ராணுவத்தில் டாக்டராக வேலை பார்க்க வேண்டும். பாதியில் விட்டுவிட்டு வந்தால் பெரிய தொகை கட்ட வேண்டும்.

சென்னையை விட்டுவிட்டு எதற்கு அவ்வளவு தூரம் என்று பொன்னியம்மாள் கேட்டாள். நிவேதா சொன்ன பதில் அவளுக்கு அப்படியே மனதில் நின்றது.

"சென்னைல சேந்தா, உனக்குக் காய்ச்சல்னு கூப்புடுவாங்க. திருவிழான்னு கூப்புடுவாங்க. படிச்சது போதும்னு கூப்புடுவாங்க. அங்க பாதியில வரணும்னா பணம் கட்டணும்மா. நம்மகிட்ட இல்ல. அதனால யாரும் கூப்புட முடியாது."

இதில் குறை கண்டுபிடிக்கப் பொன்னியம்மாளால் முடியவில்லை. கொஞ்ச நேரம் முயன்று பார்த்தாள்.

புனேயிலிருந்து நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. திங்கட்கிழமை காலையில் அங்கே இருக்க வேண்டும், வராவிட்டால் வாய்ப்பு அடுத்தவருக்கு. கொண்டுவர வேண்டிய தாள்களின் பட்டியலும் இருந்தது. பத்தை நிவேதா சேர்த்துவிட்டாள். பதினொன்றாவது, திருமணமாகாதவர் என்ற சான்றிதழ். கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து எழுத வேண்டும், அதன் மேல் பொன்னேரியில் தாசில்தார் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை ரயில். அன்றைக்குச் செவ்வாய்.

அலுவலர் பிரபாகரனுக்குச் சொந்த ஊர் திருப்பாலைவனம். நெல் விளையும் பக்கம். பாடு, தலைக்கட்டு எல்லாம் அவருக்குப் புதிது. ஊரில் பொறுப்பான ஒருவரை அழைத்து வாருங்கள், அவர் சொன்னால் எழுதிக்கொடுத்துவிடுகிறேன் என்றார். பொன்னியம்மாள் சின்னதம்பியை அழைத்து வந்தாள். சின்னதம்பி புத்தகத்தையும் அழைத்து வந்தார். புத்தகம் இல்லாமல் அவர் எங்கும் பேசப் போவதில்லை. பிளாஸ்டிக் பையில் சுற்றி அக்குளில் வைத்திருந்தார்.

இந்தப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா என்று பிரபாகரன் கேட்டார். ஆகவில்லை, தங்கமான பெண், எங்கள் ஊர்க் குடும்பம்தான் என்று சின்னதம்பி சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். குடும்பத்தின் பேர் ஊரில் இருப்பதைக் காட்ட, பையைப் பிரித்து, பக்கத்தைப் புரட்டி, பிரபாகரன் முன்னால் வைத்து, விரலால் தொட்டுக் காட்டினார்.

பிரபாகரன் படித்தார். பேனாவை மூடினார்.

"மனைவி நிவேதான்னு இருக்கே."

"அது இறால் முறைக்காவ எழுதினது சார்."

"அப்போ கல்யாணம் ஆகலையா?"

"ஆவல."

"புத்தகம் பொய்யா?"

"புத்தகம் எப்படி சார் பொய்யாவும்?"

பொன்னியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். பிரபாகரன் வரியின் ஓரத்தில் இருந்த தேதியைப் பார்த்தார். நிவேதாவின் பிறந்த தேதியைப் பார்த்தார். விரல் மடக்கி எண்ணினார்.

"பதினஞ்சு வயசு. பெரியவரே, நான் இப்போ சான்றிதழ் எழுதணுமா, போலீஸுக்கு எழுதணுமா?"

புத்தகம் அவசரமாகப் பைக்குள் போயிற்று. பிரபாகரன் கெட்டவர் இல்லை. பார்த்ததைப் பார்க்கவில்லை என்று தன்னால் எழுத முடியாது என்றார். அந்தக் கல்யாணம் நடக்கவே இல்லை, இன்ன காரணத்துக்காக அப்படி எழுதப்பட்டது என்று பெரியவர் கைப்பட எழுதிக்கொடுத்தால், அக்கம்பக்கத்திலும் விசாரித்துவிட்டுச் சான்றிதழுக்கு எழுதுவார். வியாழக்கிழமைக்குள் வேண்டும்.

திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் பொன்னியம்மாள் ஒன்றே ஒன்று கேட்டாள். புத்தகத்தை யார் எடுத்துவரச் சொன்னது? சின்னதம்பி யோசித்துப் பார்த்து, அது இல்லாமல் போனால் என்ன சொல்வதென்று தனக்கு எப்படித் தெரியும் என்றார். அவர் அதை விளையாட்டாகச் சொல்லவில்லை.

மறுநாள் அவள் நண்டுக் கூடையோடு மீஞ்சூருக்குப் போயிருந்தாள். அந்த நேரத்தில் கோவில் முன்னால் ஊர் கூடியது. பெண்களை அங்கே கூப்பிடும் வழக்கம் இல்லை. பொன்னியின் பெண்ணுக்கு எப்படியாவது உதவ வேண்டும் என்பதில் எல்லோருக்கும் ஒரே எண்ணம். எழுதியதை எடுக்க ஊரில் ஏற்கெனவே ஒரு வழி இருந்தது. புருஷன் பெண்டாட்டி பிரிவதென்றால் ஊர் முன்னிலையில் துரும்பு கிள்ளிப் போட வேண்டும். பால்ராஜிடம் ஒரு துரும்பைக் கொடுத்தார்கள். அவன் கிள்ளிப் போட்டான். பெண் பக்கத்துக்கு மாமன் என்ற முறையில் அவன் அப்பாவே கிள்ளிப் போட்டார். இந்தப் பிள்ளைகளுக்கு அபராதம் வேண்டாம் என்று ஊர் பெருந்தன்மையாக விட்டுக்கொடுத்தது. பொன்னேரியிலிருந்து முத்திரைத்தாள் வாங்கிவந்து எழுதினார்கள்.

சாயங்காலம் சின்னதம்பி அதைக் கொண்டுவந்து பொன்னியம்மாள் கையில் கொடுத்தார். முகம் மலர்ந்திருந்தது. பின்னால் பால்ராஜ் நின்றான். நிவேதா வாங்கி உரக்கப் படித்தாள். மேற்படி பால்ராஜும் மேற்படி நிவேதாவும் ஊர் முன்னிலையில் மனமொத்துப் பிரிந்தனர் என்ற இடத்தில் நிறுத்தினாள்.

"கல்யாணமே ஆவாத பொண்ண தீத்துவுட்டுட்டு வந்துகீறியா மாமா?" என்றாள் பொன்னியம்மாள், சின்னதம்பியைப் பார்த்து.

"அத்தே, நான் ஒண்ணும் சொல்லல" என்றான் பால்ராஜ். "துரும்ப குடுத்தாங்க, கிள்ளிப் போட்டேன்."

"உனக்கு இன்னா. கயித்த குடுத்திருந்தா கட்டியிருப்ப."

விவாகரத்தானவளை அங்கே சேர்க்க மாட்டார்கள், கல்யாணமே ஆகாதவளாக இருக்க வேண்டும் என்று நிவேதா மெதுவாக விளக்கினாள். இரண்டு முறை விளக்கினாள். சின்னதம்பிக்கு வித்தியாசம் பிடிபடவில்லை.

"இப்போ உனக்குத்தான் புருஷன் இல்லியேம்மா" என்றார்.

நிவேதா உள்ளே போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள்.

அலுவலர் கேட்டதை எழுதிக்கொடு என்றாள் பொன்னியம்மாள். கல்யாணம் நடக்கவில்லை, நான் எழுதினேன், அவ்வளவுதான். சின்னதம்பி திண்டாடினார். அவர் பயம் தன்னைப் பற்றியது அல்ல. மீஞ்சூரில் கம்பெனி வேலைக்குப் போய்ப் பத்து வருடமாக வலையைத் தொடாதவனுக்கும் அந்தப் புத்தகத்தில் முறை இருந்தது. இறந்து இரண்டு வருடமான ஒருவன் இன்னும் தலைக்கட்டாக இருந்தான், அவன் வீட்டில் மூன்று சின்னப் பிள்ளைகள். யாரும் கேள்வி கேட்காததால் எல்லாம் நின்றது. அவர் காலத்தில் ஏரியில் ஒரு அடிதடி நடந்ததில்லை. இந்த ஒரு வரி பொய் என்று அவரே எழுதினால், மற்ற வரிகளை எவன் நம்புவான்?

பொன்னியம்மாள் முழுவதையும் கேட்டாள். அவள் இவ்வளவு நேரம் யார் பேச்சையும் கேட்டதில்லை.

"சரி, பொய் இல்ல. அப்போ என் பொண்ணுக்குப் பதினஞ்சு வயசுல கல்யாணம் ஆச்சு. எழுதினது நீ. கையெழுத்து உன்னுது. அந்தாளு எழுதிட்டான்னா போலீஸு மொதல்ல யார் வூட்டுக்கு வரும்?"

"உன் வூட்டுக்கும்தான் வரும்."

"வரட்டும். ஒரே வண்டியில போலாம்."

சின்னதம்பி புத்தகப் பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு, எழுதுகிறேன், ஆனால் எழுதினால் பாடு போய்விடும், ஆண் இல்லாத தலைக்கட்டை ஊர் ஒத்துக்கொள்ளாது என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை. அது அவருக்கும் கஷ்டமாக இருந்தது. பால்ராஜ் வாயைத் திறந்தான். ஐப்பசி மழை இறங்கினால் இறால் ஏரிக்குள் வரும், அந்த நேரத்தில்தான் அடுத்த முறை. போவது அவனுடைய பாதியும்கூட.

"அத்தே, ஐப்பசில..."

"தெரியும்டா."

அவளுக்கு நேற்று ஷேர் ஆட்டோவிலேயே தெரியும். வேறு ஏதாவது வழி வந்துவிடாதா என்று இந்த ஒன்றரை நாள் அவளும் பார்த்தாள். வந்தது இந்த முத்திரைத்தாள்தான்.

"பாட்ட எடுத்துக்கோ மாமா. எழுது."

நிவேதா வெள்ளைத்தாள் கொடுத்தாள். எழுதி முடிக்க ஒரு மணி நேரம் ஆயிற்று. இருபத்திரண்டு வருடமாகப் பேரும் தேதியும் மட்டுமே எழுதியவருக்கு முழு வாக்கியம் வரவில்லை. முதலில், திருமணம் நடந்ததாக எழுதப்பட்டுவிட்டது என்று எழுதினார். யார் எழுதினது என்று போடச் சொன்னாள் பொன்னியம்மாள். ஊரார் எழுதியது என்று மாற்றினார். அவள் தாளைப் பிடுங்கிக் கிழித்துவிட்டு வேறு தாள் கொடுத்தாள். மூன்றாவது தாளில், 'இறால் முறைக்காக நான் எழுதினேன். திருமணம் நடக்கவில்லை. அந்தப் பெண்ணைக் கேட்கவும் இல்லை' என்று இருந்தது. கடைசி வாக்கியத்தை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. பொன்னியம்மாள் அதைப் படித்துவிட்டுத் தாளை மடித்தாள்.

பிறகு அவர் புத்தகத்தைப் பிரித்து, அளவுகோல் கேட்டு வாங்கி, அந்த வரியின் மேல் நேராக ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே இருந்த வீடுகளெல்லாம் ஒவ்வொரு இடம் மேலே ஏறின. ஐப்பசி முறை இப்போது யாருக்கு வந்ததோ, அந்த அடுத்த வீட்டுக்காரி மறுநாள் காலையில் குழாயடியில் பொன்னியம்மாளுக்கு முதலில் இடம் விட்டாள். முந்திய வாரம்தான் இருவரும் அதே குழாயடியில் குடத்தை உருட்டிச் சண்டை போட்டிருந்தார்கள். பொன்னியம்மாளுக்கு அது சண்டையைவிட எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குச் சான்றிதழ் கைக்கு வந்தது. சனிக்கிழமை நிவேதா ரயில் ஏறினாள். பால்ராஜ் சென்ட்ரல் வரை பெட்டி தூக்கி வந்தான். பாடு போனபின் அவன் கோட்டைக்குப்பத்தில் ஒரு படகில் கடல் தொழிலுக்குப் போய்க்கொண்டிருந்தான்.

புனேயில் எழுத்துத் தேர்வு வைத்தார்கள், கேள்வி கேட்டார்கள். கண், காது, பல், உயரம், எடை எல்லாம் பார்த்தார்கள். பட்டியலில் நிவேதாவின் பேர் இருந்தது.

சேரும்போது கொடுக்க வேண்டிய பத்திரத்தில் தாயும் கையெழுத்துப் போட வேண்டும். பத்துப் பக்கத்துக்கு மேல், முழுவதும் இங்கிலீஷ். நிவேதா வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொல்லச் சொல்ல, பொன்னியம்மாள் மேலே போ, மேலே போ என்று விரட்டிக்கொண்டிருந்தாள். படிப்பு முடியும்வரை கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். மறுபடி படிக்கச் சொன்னாள்.

"இத எதுக்கு இங்கிலீஷ்ல எழுதிகினு கீறாங்க? தமிழ்ல எழுதி நம்ம கோயில் சுவத்துல ஒட்டணும்."

பேனாவை வாங்கி, எங்கே போடுவது என்று கேட்டாள். நிவேதா எல்லாப் பக்கத்திலும் என்றாள். முணுமுணுத்துக்கொண்டே எல்லாப் பக்கத்திலும் போட்டாள்.