குற்றாலத் தேனும் என் கோழிக்குஞ்சுகளும்

குற்றாலத்தில் அருவிக்குப் போகிற வழியில் அலுமினியச் சட்டியோடு உட்கார்ந்து தேன் விற்பார்கள். மேலே ஒரு தேனடை மிதக்கும். அடையில் நாலைந்து செத்த ஈக்கள் ஒட்டியிருக்கும். சீசனுக்கு வருகிற வெளியூர்க்காரர்கள் விரலால் தொட்டு நக்கிப் பார்த்துவிட்டு மலைத்தேன் என்று வாங்கிப் போவார்கள். தென்காசிக்காரன் எவனும் வாங்கமாட்டான். அது காய்ச்சிய சீனிப்பாகு என்று எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும்.

அந்தத் தேனைத்தான் என் வீட்டுக்காரரின் அண்ணன் ஒரு பெரிய கேன் நிறைய வாங்கிவந்து என் ஷெட் வாசலில் இறக்கினார்.

அத்தான் போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். மீசை மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. காலையில் குளித்து, விபூதி பூசி, செல்போனில் வீடியோ பார்ப்பது அவருக்கு முழுநேர வேலை. பார்த்ததையெல்லாம் யார் தலையிலாவது கட்டவேண்டும். என் வீட்டுக்காரர் ராணுவத்தில் எங்கோ வடக்கே இருக்கிறார். பண்பொழி ரோட்டில் பிராய்லர் ஷெட்டை நடத்துவது நான். அதனால் அந்தத் தலை என் தலை ஆயிற்று.

"ஏம்மா, மருந்து குடுத்து வளர்த்த கோழியத் திங்கதுனாலதான் இம்புட்டு வியாதி வருது. தேன், மகரந்தம், தேன்கூட்டுப் பிசின் இதெல்லாம் குடுத்தா மருந்தே வேண்டாங்கான். வெளிநாட்டுல பூரா இப்ப இதுதான்" என்றார்.

"குஞ்சும் தீவனமும் கம்பெனியோடது அத்தான். அவங்க சொல்லாம எதையும் கலக்கக்கூடாது. இந்த பேட்ச் கெட்டுட்டுன்னா அடுத்து குஞ்சு எறக்க மாட்டாங்க" என்றேன்.

"கம்பெனிக்காரன் என்ன பெரிய கலெக்டரா? நான் பாத்துக்கிடுதேன்."

தேனீயிடமிருந்து வரும் பொருட்களில் சத்து இல்லை என்று நான் சொல்லவரவில்லை. படித்தவர்கள் அளவு பார்த்துத் தீவனத்தில் சேர்த்தால் அதைக் கேட்டுக்கொள்வேன். ஆனால் கேனைத் திறந்து மோந்து பார்த்தபோது ஏலக்காய் போடாத ஜீராவின் வாசனைதான் வந்தது. போலீஸ்காரரையே ஏமாற்றிவிட்டார்களே என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். சிரித்ததோடு கேனைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டுத் பக்கத்துத் திருமலை முருகன் கோவிலுக்குப் போய்விட்டேன். அன்று கார்த்திகை. இரவு செங்கோட்டையில் அக்கா வீட்டில் தங்கினேன்.

மறுநாள் காலை ஷெட்டுக்குள் நுழையும்போதே குஞ்சுகளின் சத்தம் சரியில்லை. அத்தான் பாதிக் கேனை மேல்தொட்டியில் கவிழ்த்திருந்தார். குழாயில் வரிசையாகத் தொங்கும் தண்ணீர் நிப்பிள்களில் பிசுபிசுவென்று பாகு ஏறி முக்கால்வாசி அடைத்துப்போயிருந்தன. குஞ்சுகள் அதைக் கொத்திக் கொத்திப் பார்த்துவிட்டு அலகைப் பிளந்து நின்றன. கீழே சிந்திய பாகில் எறும்பு மொய்த்தது. எதிர்த்த காட்டில் சூரியகாந்தி மணிபிடிக்க வைத்திருந்த தேனீப்பெட்டியிலிருந்து ஈக்களும் கூட்டமாக வந்துவிட்டன. இது எங்கள் சரக்கே இல்லையே என்று பார்க்க வந்திருக்கும்.

அழுகை வந்தது. அழ நேரமில்லை. சின்னக் குஞ்சுகளுக்கு வைக்கும் வட்டத் தண்ணித்தட்டுகளைப் பரணிலிருந்து இறக்கி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். தொட்டியைத் திறந்துவிட்டு, குழாயின் முனைகளைக் கழற்றி, மத்தியானம்வரை அலசினேன். பெரும்பாலானவை பிழைத்தன. செத்தவற்றை வாளியில் பொறுக்கும்போது கம்பெனி சூப்பர்வைசர் பைக்கில் வந்து இறங்கினார்.

அத்தான் எனக்கு முன்னால் போய் நின்றார். "எறும்பு வந்துட்டு தம்பி. இவ சுத்தபத்தமா வச்சிக்கிட மாட்டக்கா. பொம்பளைய நம்பி ஷெட்ட விட்டா இப்பிடித்தான்."

நான் தேன் கதையைச் சொன்னேன். சூப்பர்வைசர் மீசையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அடுத்த பேட்ச் பத்தி ஆபீஸ்ல கேட்டுத்தான் சொல்லணும்" என்று கிளம்பிவிட்டார்.

வளர்ந்த கோழிகளை லாரியில் பிடித்துப் போனபிறகு ஷெட் காலியாகவே கிடந்தது. கம்பெனியிலிருந்து பதில் இல்லை. அத்தானோ சாரலில் ஐந்தருவியில் ஆட்டம் போட்டுவிட்டு இருமலோடு என் வீட்டு நாற்காலியில் வந்து விழுந்தார். "வெந்நில கொஞ்சம் மிளகும் தேனும் போட்டுக் குடும்மா."

கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இது ஏது தேன்?"

"நீங்க வாங்கிட்டு வந்ததுதான். மிச்சம் இருந்துச்சு."

டம்ளரைத் தள்ளி வைத்தார். "ஏம்மா, உனக்குக் கூறு கெட்டுப்போச்சா? குத்தாலத் தேன மனுசன் குடிப்பானா? அது பூராம் சீனிப்பாகுல்லா!"

"தெரிஞ்சா வாங்குனீய?"

"நல்ல தேனு விக்க வெலைக்கு எவன் வாங்குவான்? கோழிதான, அதுக்கு என்ன தெரியும்னு வாங்குனேன்."

இத்தனை நாளும் அவரை மடையர் என்று நினைத்திருந்தேன். மடையர் என்றால்கூடப் பரவாயில்லை, மன்னித்திருப்பேன். போனை எடுத்து சூப்பர்வைசருக்குப் போட்டேன். ஸ்பீக்கரைப் போட்டு, அத்தான் தள்ளி வைத்த டம்ளருக்குப் பக்கத்தில் போனை வைத்தேன்.

"இப்பச் சொன்னத சார்கிட்டயும் சொல்லுங்க அத்தான்."

காலமெல்லாம் அடுத்தவனிடம் வாக்குமூலம் எழுதி வாங்கியவர் மீசையைத் தடவிக்கொண்டு போனையே பார்த்தார். சூப்பர்வைசர் ஹலோ ஹலோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தேன், அத்தான் எல்லாவற்றையும் சொல்லி முடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.