சம்பந்திக்கு வைத்த விலாங்குக் குழம்பு

எனக்கு எழுபத்தாறு வயது. கள்ளக்குறிச்சி வீட்டில் கண்ணாடித் தொட்டி வைத்து ஐந்து விலாங்கு வளர்த்தேன். கல்வராயன் மலை ஓடையிலிருந்து விரல் நீளத்தில் வந்தவை. மண்புழு நீட்டினால் என் கைக்கு மட்டும் வரும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

எண்பத்தேழில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலையெல்லாம் மரம் வெட்டிப் போட்ட சமயம். மகளின் மாமனார் ஊர் திரும்ப முடியாமல் எங்கள் வீட்டில் தங்கிவிட்டார். கடையும் இல்லை. தினமும் ரசம்தான்.

"கவுச்சியே கண்ணுல காட்ட மாட்றீங்களே சம்பந்தி. தொட்டில நீந்திக்கினு கீதே, அது இன்னா, சாமிக்கு வுட்டதா?"

"அது வளக்கறதுங்க" என்றேன்.

"நாங்களுந்தான் உங்க பொண்ண வச்சிக் காப்பாத்திக்கினு கீறோம்" என்று சிரித்தார்.

பெண் கொடுத்த வீட்டில் சம்பந்தி கேட்டதை மறுக்கும் வழக்கம் எங்களிடம் கிடையாது. வழுக்காமல் பிடிக்கச் சாம்பல் பூசிக்கொண்டு என் கணவர் துழாவினார். ஒன்றும் சிக்கவில்லை. கடைசியில் நான்தான் கையை விட்டேன். ஐந்தும் வந்தன.

சம்பந்தி இரண்டாம் முறையும் குழம்பு கேட்டார். ஊற்றினேன்.

நான் சொல்லச் சொல்ல எழுதிவந்த என் பேரன், அந்த மகளின் பிள்ளை, இங்கே பேனாவை நிறுத்துகிறான். அவர் அவனுக்கு அப்பாவழித் தாத்தா.

"உங்க தாத்தா சொன்னத மழுப்பாம எழுதினியாடா? எங்க, மொதல்லேர்ந்து படி, கேக்கறேன்."