பக்கத்து வீட்டு நம்பர்

ரீட்டா அக்காவைத் திருடி என்று எங்கள் தெரு சொன்னபோது, அது பொய் என்று தெரிந்த ஒரே ஆள் நான். வாயைத் திறக்கவில்லை.

இதைச் சொல்லத்தான் வந்தேன். நல்லவன் எவனோ எழுதியிருக்கிறான் என்று நினைத்தால் இங்கேயே மூடி வைத்துவிடுங்கள்.

திண்டுக்கல்லில் எனக்கு மோட்டார் வைண்டிங் கடை. வீட்டின் முன் அறைதான் கடை. சாணார்பட்டிப் பக்கத்து விவசாயிகள் கருகிப்போன கிணற்று மோட்டாரைத் தூக்கி வருவார்கள். பழைய கம்பியை உருவிவிட்டுப் புதிய செம்புக் கம்பி சுற்றிக் கொடுப்பேன். அவர்கள் காசு தருவது வெள்ளாமை வீடு வந்த பிறகு. கம்பிக் கடைக்காரன் மட்டும் அன்றைக்கே கேட்பான்!

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. டை கட்டிய ஒருவன் கடைக்கு வந்து, கிரெடிட் கார்டு வாங்கிக்கொள்ளச் சொன்னான். "சும்மா வச்சுக்கங்க சார்." அதுவரை என்னை யாரும் சார் என்று கூப்பிட்டதில்லை. விழுந்துவிட்டேன்.

விண்ணப்பத்தில் எழுத போன் நம்பர் கேட்டான். என்னிடம் ஏது போன்? ரீட்டா அக்கா வீட்டு நம்பரைச் சொன்னேன். அன்றைக்கு அது வழக்கம். போன் இல்லாதவன் பக்கத்து வீட்டு நம்பரைக் கொடுத்து, ஓரத்தில் 'பி.பி.' என்று போட்டுக்கொள்வான். என் கடைப் பலகையிலும் அந்த நம்பர்தான். எனக்கு அழைப்பு வந்தால் அக்கா சுவருக்கு மேல் தலையை நீட்டி, "பவுலு, போனு!" என்பாள். ஒரு நாள்கூட முகம் சுளித்ததில்லை.

அவள் கணவர் மஸ்கட்டில் இருந்தார். அவர் கூப்பிடுவதற்காகத்தான் அந்த போனே வந்தது. மணி அடித்தால் தையல் மெஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடுவாள்.

கார்டைச் செருகிப் பணம் எடுத்தேன். கம்பி வாங்கினேன். முதலில் ஒழுங்காகத்தான் கட்டினேன். பிறகு மழை பொய்த்தது. கிணறு வற்றினால் மோட்டார் ஓடாது. ஓடாத மோட்டார் கருகாது. எனக்கு வேலை இல்லை... பழைய பாக்கியும் வரவில்லை. ஒரு மாதம் தவறினேன். அடுத்த மாதமும் தவறினேன். வட்டி, வட்டிக்கு வட்டி, தாமதத்துக்கு அபராதம், அந்த அபராதத்துக்கும் வட்டி! கந்துவட்டிக்காரனாவது என் வாசலில் நின்று என்னைக் கேட்பான். இவர்கள் ரீட்டா அக்காவைக் கேட்டார்கள்.

முதல் அழைப்பு வந்தபோது ரிசீவரைப் பொத்திக்கொண்டு, "பேங்குலருந்தாம் பவுலு" என்றாள். நான் அவள் பின்னால் நின்றேன். இல்லை என்று சொல்லும்படி கையை ஆட்டினேன்.

அவள் என் கையைப் பார்த்தாள். "இல்ல தம்பி... வெளியூரு போயிருக்காப்ல" என்றாள். பொய் சொல்லிப் பழகாத வாய்.

"எதுக்குப்பா இல்லங்கச் சொல்ற?"

"ரெண்டு வாரந்தாங்க்கா. செல்விக்குத் தெரிய வேணாம்."

செல்வி என் மனைவி. பகலில் மில்லுக்குப் போய்விடுவாள். கார்டு வாங்கியதே அவளுக்குத் தெரியாது.

இரண்டு வாரம் எத்தனையோ மாதமாக நீண்டது. புருசன் கூப்பிடுகிறார் என்று அக்கா ஓடிப்போய் எடுப்பாள். எடுத்தால் என் கடன்காரன். ஒருவன் அவளிடம், "ஆம்பள இல்லாத வீட்டு நம்பர எதுக்குங்க அவரு குடுத்தாரு? நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று கேட்டிருக்கிறான். அதை என்னிடம் சொன்னபோது தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். எனக்கு ரத்தம் கொதித்தது. கடைக்குப் போய்ச் சுத்தியலை எடுத்து ஒரு பழைய மோட்டாரை அடித்து நொறுக்கினேன். போனை எடுத்துப் பேசினேனா? இல்லை! கோபப்படுவது சுலபம்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். பூசையில் நன்மை வாங்க, அதாவது சாமியார் கையால் அப்பம் வாங்கி உண்ண, மனசு சுத்தமாக இருக்க வேண்டும். பாவம் இருந்தால் முதலில் அவரிடம் அறிக்கையிட்டு மன்னிப்புப் பெற வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் நன்மை வாங்கும் வரிசையில் போய்க்கொண்டிருந்தேன். நடைபாதை ஓரம் தரையில் ரீட்டா அக்கா உட்கார்ந்தே இருந்தாள். என் கால் படாமல் இருக்கச் சேலையை இழுத்து ஒதுக்கிக்கொண்டாள். நான் போய் வாங்கினேன். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பினேன்.

அடுத்த வாரமும் அவள் எழுந்திருக்கவில்லை. அதற்கடுத்த வாரமும்.

செல்விதான் வீட்டில் பேச்சை எடுத்தாள். "ரீட்டா அக்கா நன்ம வாங்குறதே இல்ல, பாத்தீகளா? அன்பியக் காசுல கைய வச்சிருச்சாம். அதான் மனசு குத்துதாம்."

அன்பியம் என்பது எங்கள் தெருவின் செபக் கூட்டம். வாரக் காணிக்கையை ஒரு தகர டப்பாவில் போட்டு வைத்திருந்தவள் அக்காதான்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். எனக்கும் அப்போதே புரிந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா? சோற்றுத் தட்டை நீட்டி, "வெஞ்சனம் இன்னுங் கொஞ்சம் வையி" என்றேன்.

மறுநாள் சுவரோரம் நின்று அக்காவிடம் கேட்டேன். "போயி அறிக்கை பண்ணிட்டு நன்ம வாங்க வேண்டியதுதானக்கா?"

"இனிமே செய்ய மாட்டேன்னு சாமியார்ட்ட சொல்லணும்ல பவுலு? நாளைக்கும் போனு வரும். நாளைக்கும் நீ கைய ஆட்டுவ. எப்பிடிச் சொல்லுவேன்?"

எனக்கு வெட்கம் வரவில்லை. கோபம்தான் வந்தது! "ஒரு சின்னப் பொய்க்கு இம்புட்டா?"

"சின்னதுன்னா நீயே பேசேன்" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

அந்த வாரமே மறுபடி அழைப்பு வந்தது. அக்கா கூப்பிட்டாள்; நான் போனதும் ரிசீவரைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். பழக்கதோஷத்தில் கை மேலே எழுந்துவிட்டது. எழுந்த கையாலேயே ரிசீவரை வாங்கினேன்.

"நாந்தான் பவுல்ராஜ் பேசுறேன்."

"நெசமாவே நீங்கதானா சார்?" என்றான். பாவம், மாதக்கணக்கில் தேடியவன் கிடைத்துவிட்டதில் அவனுக்கே என்ன பேசுவதென்று தெரியவில்லை. "ஏலே, இம்புட்டு நாளும் கத்துனியே, இப்பக் கேளு" என்றேன். அவன் சிரித்துவிட்டான். மதுரை ஆபீசுக்கு வந்து மொத்தமாகக் கட்டினால் அபராதத்தைக் குறைப்பார்கள் என்றான். இவ்வளவுதானா? இதற்காகவா அத்தனை பொய்?

செல்வியிடம் கடனைச் சொன்னேன். கழுத்துச் சங்கிலியைக் கழற்றி என் மடியில் எறிந்தாள். "கட்ட வக்கில்லாத பயலுக்கு வீராப்பு மட்டும் கொறச்சலில்ல." அது சரிதான். அழைப்பெல்லாம் யாருடைய வீட்டுக்கு வந்தது என்பதை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

சங்கிலியை விற்றேன். மதுரைக்குப் போனேன். பேசினேன், கத்தினேன், கட்டினேன். கணக்கு முடிந்தது என்று எழுதி வாங்கிக்கொண்டு, திண்டுக்கல் வழியே போகும் கரூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததுதான் தெரியும். கண்டக்டர் உலுக்கி எழுப்பினார்.

"அப்பு, எங்க எறங்கணும்?"

"திண்டுக்கல்லு."

"வெளங்கும். இது வேடசந்தூரு!"

பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். வெயிலில் எதிர் பஸ்ஸுக்காக நின்றபோதும் சிரிப்பு அடங்கவில்லை. நெஞ்சின் மேல் கிடந்த மோட்டாரை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது... கடன் தீர்ந்தவனுக்குத்தான் அந்தத் தூக்கம் தெரியும்.

அந்த ஞாயிறு அக்கா எழுந்து வரிசையில் நின்றாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன்.

முடியவில்லை. அன்பியக் கூட்டத்தில் ஒருவர் பேச்சை எடுத்தார். டப்பாவை வேறு ஒருவரிடம் கொடுக்கச் சொன்னார். அக்கா கொண்டுவந்து வைத்தாள். எண்ணினார்கள். சரியாக இருந்தது.

"எடுத்ததத் திருப்பி வச்சிருக்கும். அதான் இப்ப நன்ம வாங்குது" என்று ஒரு பெண் முணுமுணுத்தாள்.

பேச்சை எடுத்தவர் என் பக்கம் திரும்பினார். "பவுலு, நீ பக்கத்து வீட்டுக்காரன். உனக்கு ஏதாச்சும் தெரியுமாப்பா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஒரே ஒரு தடவை.

கடனை அடைத்துவிட்டேன். யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியமில்லை. ஒரு வாக்கியம் சொன்னால் போதும்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

எனக்காக அத்தனை மாதம் பொய் சொன்னவளுக்கு, நான் செய்த கைம்மாறு இது!

ஏன் சொன்னேன்? கடன்காரனுக்குப் பயந்து ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்றவன் என்று தெரு சிரிக்கும் என்றா? வேறு காரணம் இருந்தால் நீங்கள் கண்டுபிடித்துச் சொல்லுங்கள். எனக்கு வேறு எதுவும் கிடைக்கவில்லை.

அக்கா சண்டை போடவில்லை. அதன் பிறகும் "பவுலு, போனு!" என்று கூப்பிட்டாள். கணவர் ஊர் திரும்பியதும் வீட்டை விற்றுவிட்டுப் போனார்கள். எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை. அந்த நம்பர் இன்னும் மனப்பாடமாக இருக்கிறது. ஒரு தடவை அழுத்திப் பார்த்தேன். உபயோகத்தில் இல்லையாம்.

சாமியாரிடம் செய்யும் பாவசங்கீர்த்தனத்தில் கடனைச் சொல்லியிருக்கிறேன், கையாட்டியதைச் சொல்லியிருக்கிறேன். இதை மட்டும் சொன்னதில்லை. சொன்னால் சாமியார், "போய்த் தெருவில் சொல்" என்பார். அதனால் உங்களிடம் சொல்கிறேன். இதை எழுதும் முன் செல்வியிடம் சொன்னேன். "அந்தக்காவப் பத்தி நானும்ல ஊரெல்லாம் பேசுனேன்..." என்றாள். எழுந்து போய்விட்டாள்.

நிம்மதியாகத்தான் இருக்கிறது. சொல்லிவிட்ட நிம்மதி. வேடசந்தூர் வரை தூங்கினேனே, அதே மாதிரி நிம்மதி. அவள் பெயர் மட்டும் இந்தத் தெருவில் அப்படியேதான் கிடக்கிறது.

நான் இன்னும் ஞாயிறுதோறும் வரிசையில் போகிறேன். நடைபாதை ஓரம் அக்கா உட்கார்ந்த இடத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை. அந்த இடம் வந்ததும் என் கால் தானாக ஒதுங்குகிறது.