ஊளைக்குச் சொந்தக்காரன்

அஞ்சாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் சாலவாக்கத்தில் முதல் மைக் செட் என்னுடையது. ஜெனரேட்டர், சீரியல் பல்பு, சாமியானா என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். மாடி வீடு கட்டினேன். அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பத்திலிருந்து எப்படி இதெல்லாம் செய்தாய் என்று யாரும் கேட்பதில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன். இவை எல்லாவற்றையும் விடப் பெரிதாக ஒன்று கட்டினேன், என் பேர். என் அப்பாவை ஊர்த்தெருவில் ‘டேய்’ என்றுதான் கூப்பிடுவார்கள். அதே தெருவில், திருவிழாவுக்குக் கட்டிய குழாய் ஸ்பீக்கரின் வாயைச் சுற்றிச் சிவப்புப் பெயிண்டில் என் பேரும் ஊரும் இருக்கும். சாமி புறப்படும் முன் மைக்கைத் தட்டிப் பார்த்து, முதலில் என் பேரைத்தான் சொல்வேன். மைக் செட்காரன் வழக்கம் அது, யாரும் தடுக்க முடியாது.

குழாய் கட்டக் கூடாது என்று உத்தரவு வந்தபின் அவற்றைப் பரணில் ஏற்றிவிட்டேன். மானாம்பதியில் வீடு எடுத்துத் தங்கியிருந்த ஒரு சென்னை அம்மா அவற்றைத் தேடி வந்தார். இசைக் கலைஞர், புத்தகமும் எழுதுகிறவர். அவர் இசையில் பாட்டு கிடையாது, தாளம் கிடையாது. மைக்கைக் குழாய்க்கு நேரே காட்டினால் ‘கூ’ என்று ஓர் ஊளை கிளம்புமே, அது வேண்டும் என்றார். கல்யாண வீட்டில் அந்த ஊளை வந்தால் மைக் செட்காரனுக்கு மானம் போயிற்று. அதை அடக்கி அடக்கியே பேர் வாங்கினவன் நான். இப்போது அதைக் கேட்டு வாசலில் கார் நிற்கிறது.

ஏரிக்கரையில் குழாய்களைக் கட்டினேன். அவர் ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடி நிற்க, நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். கிட்டப் போனால் கீச்சென்று கத்தும், விலகினால் மாடு போல் முனகும். அவருக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நடவு முடிந்து கரைமேல் வந்த பெண்கள் நின்று பார்த்தார்கள். அதில் என் தங்கை மகளும் இருந்தாள்.

“இன்னா மாமா, ஊளை வந்தா ஓடிப்போயி அமுக்குவ. இப்ப இன்னாடான்னா மேய்ச்சிக்கினு கீற?”

அவர்கள் சிரித்த சிரிப்பும் பதிவாகிவிட்டது. அம்மா உடனே நிறுத்தி, ஒவ்வொருத்திக்கும் ஹெட்போனை மாட்டிக் கேட்கவைத்து, உங்கள் குரல் இதில் இருக்கலாமா என்று கேட்டார். கேட்காமல் எடுத்தால் திருட்டு என்றார். ஏழைகளின் குரலை வைத்துத் தான் புகழ் தேடுவது அதைவிடப் பெரிய திருட்டு என்று புத்தகமே எழுதியிருக்கிறாராம். ஒருத்தி வேண்டாம் என்றாள். அவள் குரலை நீக்கிவிட்டார். பிறகு என்னிடம் வந்தார். இந்த வயது வரை என்னிடம் யாரும் அனுமதி கேட்டதில்லை. கேட்ட சந்தோஷத்தில் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். குழாயைப் பின்பக்கம் திருப்பிப் படம் எடுக்கலாமா? சரி. யார் பேரும் போடாமல் வெளியிடலாமா? சரி.

இசைத்தட்டு வந்தது. அட்டையில் என் குழாயின் முதுகு. என் பேர் இல்லை, அவர் பேரும் இல்லை. கொஞ்ச நாளில் பேப்பரில் அவர் படம் வந்தது. தன் பேரைக்கூடப் போடாத கலைஞர் என்று புகழ்ந்து, அவர் பேரைக் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

நேரே போய்க் கேட்டேன். அவர் அன்று பதிவானதைப் போட்டுக் காட்டினார். “தாராளமா பண்ணும்மா” என்கிறது என் குரல். மைக்கில் பழகிய குரல், கணீரென்றுதான் இருந்தது.

“பேர் போட்டா அது ஒருத்தர் சொத்தாயிடும் ஐயா. அதான் என் பேரையும் போடல.”

“உம் பேரு இல்லன்னாலும் அது நீதான்னு பேப்பர்காரனுக்குத் தெரியுது. எம் பேரு இல்லன்னா அது எவனோ ஒருத்தன்தானேம்மா.”

அவர் பதிவை நிறுத்தினார். பேப்பர்காரரிடம் பேர் வேண்டாம் என்றுதான் சொன்னாராம். உண்மையாகத்தான் இருக்கும், நல்ல மனுஷி. அடுத்த பதிப்பில் பார்க்கிறேன் என்றார்.

அவர் கொள்கையை மதித்து, இதை எழுதும்போது நானும் யார் பேரையும் எழுதவில்லை, என் பேர் உட்பட. கை எவ்வளவு அரித்தது என்று எனக்குத்தான் தெரியும். ஆனால் அட்டை விஷயம் வேறு. அன்று சரி என்றவன், இன்று முடியாது என்கிறேன். இதையும் பதிவு செய்துகொள்ளட்டும். அடுத்த பதிப்பில் குழாயை முன்பக்கம் திருப்பி வையுங்கள். அதன் வாயைச் சுற்றி என் பேர் ஏற்கெனவே இருக்கிறது. கீழே ஒரு வரி மட்டும் சேருங்கள்: ஊளையை அவிழ்த்துவிட்டவர் இவர்.