காப்புக் கட்டிய பம்பர்

மூக்கண்ணனைக் குழப்புவது சுலபம். தேத்தண்ணிக்குச் சீனி போடவா என்று கேட்டால், "போடலாமா?" என்று நம்மையே திருப்பிக் கேட்பார். யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவார். அடுத்து வருகிறவர் அதற்கு நேர்மாறாகச் சொன்னால் அதற்கும் தலையாட்டுவார். மகள் பிறந்தபோது சொந்தக்காரர்கள் சொன்ன பெயரையெல்லாம் நல்ல பெயர் என்று ஒப்புக்கொண்டாராம். பொறுக்க முடியாமல் அவருடைய மனைவி ஜீவராணி அக்காதான் சுதர்ஷினி என்று முடித்துவைத்தாள்.

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே பேசுவது இங்கே கேட்கும். நான் அதிகம் வாய் திறக்கிறவள் இல்லை. வாசலில் உட்கார்ந்து அரிசி புடைத்தபடி பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூக்கண்ணன் முதலில் மலையில் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். பிறகு ராகலையில் ஒரு மரக்கறி முதலாளியிடம் லொறி ஓட்டினார். அங்கிருந்து திரும்பி வரும்போது ஒரு பழைய ஃபோர்வீல் ஜீப்போடு வந்தார். தோட்டத்தின் மேல்பிரிவான எங்கள் மேல்கணக்குக்கு பஸ் கிடையாது. மழை பெய்தால் ஆட்டோவும் ஏறாது. காய்ச்சல்காரர், பிள்ளைத்தாச்சி, சீமெந்து மூட்டை, சோதனை எழுதப்போகிற பிள்ளைகள் எல்லாம் அந்த ஜீப்பில்தான் கொட்டகலைக்கு இறங்கவேண்டும். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவர் யாரிடமும் எதுவும் கேட்கமாட்டார். இறங்கிய பிறகுதான் குழப்பமெல்லாம்.

இந்த வருசம் மாரியம்மன் திருவிழாவுக்கு ஒரு சிக்கல் வந்தது. தேர் எங்கள் மேல்கணக்கிலிருந்து தேயிலை ஸ்டோர் இறக்கத்தில் இறங்கிக் கீழ்ப்பிரிவான பணியக்கணக்குக்குப் போகவேண்டும். அந்த இறக்கத்தில் தேர் தானாக ஓடிவிடாமல், பின்னால் ஒரு வண்டி கயிறு கட்டிப் பிடித்துக்கொண்டே வரும். இத்தனை வருசம் அது தோட்டத்து டிராக்டர். இந்த முறை டிராக்டர் தரமுடியாது என்று ஆபிசில் சொல்லிவிட்டார்கள். கோயில் கமிட்டித் தலைவர் நல்லமுத்து நேராக மூக்கண்ணனிடம் வந்தார். ஜீப்பைச் சுற்றிப் பார்த்தார். முன்பக்கத்தைக் காலால் தட்டினார்.

"மூக்கா, இந்தப் பிளாஸ்டிக்க நம்பியா ஆத்தாவ எறக்குறது? நல்ல இரும்பு பம்பரா மாட்டு. இல்லாட்டி இந்த வருசம் தேரு மேல்கணக்கோட நிக்கட்டும்."

மூக்கண்ணன் தலையாட்டினார். ஆனால் இது வெறும் தலையாட்டல் இல்லை. சுதர்ஷினியைப் பணியக்கணக்கில் கட்டிக் கொடுத்திருக்கிறது. அவளுக்கு இப்போது நிறைமாதம், மேடு ஏறக்கூடாது. இரண்டு முறை தங்காமல் போய் இது மூன்றாவது. "தேரு என் வாசலுக்கு வருமாப்பா?" என்று போனில் கேட்டாள். "வரும் புள்ள" என்று அவர் யாரையும் கேட்காமல் சொன்னதைச் சுவருக்கு இந்தப் பக்கம் நானே கேட்டேன்.

பம்பர் ஹட்டனில் வாகனச் சாமான் கடை வைத்திருக்கும் அன்ஸார் நாநாவிடமிருந்து வந்தது. கறுப்பாக, எருமைத் தலை மாதிரி இருந்தது. தூக்க நாலு ஆள் வேண்டியிருந்தது. கூடவே ஒரு பை நிறைய நட்டு, போல்ட்டு.

பூட்டித் தர வந்தவன் வினோஜன். கொட்டகலையில் ஒரு கராஜில் வேலை செய்கிறான். போனில் ஒரு வீடியோவைப் போட்டு பானட்டின் மேல் சாய்த்துவைத்தான். அதில் ஒரு வெள்ளைக்காரர் இதே மாதிரி பம்பரை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தார்.

"என்னா சொல்றாரு?" என்று கேட்டார் மூக்கண்ணன்.

"பேச்சு வெளங்கலண்ணே. கையப் பாத்தாப் போதும்."

எல்லோரும் கையைப் பார்த்தோம். வெள்ளைக்காரர் பழைய பம்பரைக் கழற்றினார். ஒரு பாட்டு வந்தது. பாட்டு முடிந்தபோது புதிய பம்பர் பூட்டி முடிந்திருந்தது. வினோஜன் பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் அந்தப் பாட்டுத்தான் வந்தது.

"பாட்டுக்குள்ள பூட்டிட்டாரு" என்றாள் ஜீவராணி அக்கா. "நீயும் ஒரு பாட்டுப் பாடுடா தம்பி."

பழையதைக் கழற்றியது வரை சரியாகப் போனது. புதியதைத் தூக்கிப் பிடித்தால் ஓட்டைக்கு நேராக ஓட்டை வரவில்லை. லயத்தில் இருந்த ஆண்கள் எல்லோரும் வந்துவிட்டார்கள்.

"கொஞ்சம் ஒசத்துங்கப்பா, தண்ணி ஓடுற கான்ல இடிக்கும்."

"ஒசத்துனா லைட்ட மறைக்கும். எறக்குங்க."

"தலைகீழா புடிச்சிருக்கீங்களோ?"

மூக்கண்ணன் மூன்று பேருக்கும் "ஆமாமா" என்றார். பம்பர் ஏறியது, இறங்கியது, ஒருமுறை தலைகீழாகவும் திரும்பியது. கடைசியில் வினோஜன் கிரைண்டரால் ஓட்டைகளை நீளமாக்கி, பெரிய வாசர் வைத்து இறுக்கிவிட்டான். நின்றது. எல்லோரும் கைதட்டினார்கள்.

பையைக் கொட்டியபோது உள்ளே இன்னும் இரண்டு தடித்த இரும்புத் துண்டுகள் இருந்தன. மடக்கிய முழங்கால் மாதிரி வளைந்தவை. ஒவ்வொன்றிலும் ஓட்டைகள்.

"இது எதுக்கு?" என்றார் மூக்கண்ணன்.

வினோஜன் திருப்பித் திருப்பிப் பார்த்தான். வீடியோவில் தேடினான். பாட்டு வந்தது.

தலைவர் நல்லமுத்துதான் கண்டுபிடித்தார். "அட, கொடி நட்டுறதுக்கு! வெளிநாட்டுல வண்டிக்கு முன்னால கொடி வைப்பாங்கல்ல? நமக்குச் சூலம் வைக்கலாம்."

அது எல்லோருக்கும் பொருத்தமாகப் பட்டது. அளவெடுத்த மாதிரி பம்பரின் மேல்பக்கம் இரண்டு ஓட்டைகளும் இருந்தன. துண்டுகளை அங்கே பூட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு சூலத்தைச் செருகி, எலுமிச்சம்பழம் குத்தினார்கள். கொடியேற்றத்தன்று பூசாரி வந்து மஞ்சள் கயிற்றால் இரண்டு சூலத்துக்கும் காப்புக் கட்டினார். காப்புக் கட்டினால் கட்டியதுதான். தேர் சுற்றி வந்து சேரும்வரை அவிழ்க்கவும் கூடாது, கட்டிய பொருளைப் பிரிக்கவும் கூடாது.

தேர் ஓடும் நாள் காலையில் ஜீப்பைக் கோயிலடிக்குக் கொண்டுவந்தார்கள். நானும் பூத்தட்டோடு நின்றிருந்தேன். ஜீப் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வண்டி நின்ற பிறகும் பம்பர் மெதுவாக மேலும் கீழும் ஆடியது. மூக்கண்ணனைப் போலவே அதுவும் தலையாட்டியது.

சொல்லலாமா வேண்டாமா என்று எனக்கும் குழப்பம்தான். அத்தனை ஆண்கள் நின்றார்கள். ஜீவராணி அக்காவின் காதுக்குள் சொன்னேன். அவள் கோயிலடி முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"இது ஆடுதுங்க! இதுலயா கயித்தக் கட்டப் போறீங்க?"

மூக்கண்ணன் அன்ஸார் நாநாவுக்குப் போன் எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி பிடித்தார்.

"ஆடாதே! அந்த ரெண்டு காலும் வண்டிக்கு அடியில சேசில சரியா பூட்டித்தானே ஈக்கிது?" என்றார் நாநா.

"எந்தக் காலு, நாநா?"

"வளஞ்ச ரெண்டு துண்டு. அதுதானே முழுப் பாரத்தயும் தாங்குறது. அது இல்லாட்டி அந்த பம்பர் சும்மா அழகுக்குத் தொங்குறதுதான். எங்க ஈக்கிது அந்த ரெண்டும்?"

எல்லோரும் சூலத்தைப் பார்த்தோம்.

"சாமிகிட்ட இருக்கு நாநா" என்றார் மூக்கண்ணன்.

பிறகு ஒரே சத்தம். காப்பை அவிழ்க்கவே கூடாது என்றார் பூசாரி. அந்தக் கால் இல்லாமல் கயிறு கட்டினால் பம்பரோடு தேரும் பிய்த்துக்கொண்டு போகும் என்றான் வினோஜன். தேரைத் திருப்பிக் கொட்டகைக்குள்ளேயே விட்டுவிடலாம் என்றார் தலைவர். மூக்கண்ணன் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். ஒவ்வொன்றும் அவருக்குச் சரியாகத்தான் பட்டது போலிருந்தது. எனக்கும் அப்படித்தான் பட்டது. யார் சொன்னதிலும் பிழை இல்லை, ஆனால் எல்லாவற்றையும் சேர்த்தால் தேர் நகராது.

இறக்கத்தின் அடியில் பணியக்கணக்கு லயம் தெரிந்தது. வாசல்களில் சாணம் தெளித்துக் கோலம் போட்டிருந்தார்கள். ஒரு வாசலில் நாற்காலி போட்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவ்வளவு தூரத்தில் முகம் தெரியாது. மூக்கண்ணன் அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வினோஜனின் கையிலிருந்து ஸ்பேனரை வாங்கிக்கொண்டு, திருவிழாவுக்கு உடுத்திய புது வேட்டியோடு ஜீப்புக்கு அடியில் படுத்தார்.

"என்னா செய்ற மூக்கா?" என்றார் தலைவர்.

"கழட்டுறேன்."

"காப்பு கட்டியிருக்கேப்பா!"

"காப்பு அதுலயே இருக்கட்டும். சூலத்தையும் தொடவேணாம். பம்பர முழுசா அப்படியே தூக்கிக்கிட்டு முன்னால நடங்க."

பூசாரி வாயைத் திறந்தார், யோசித்தார், மூடிக்கொண்டார். பம்பர் இறங்கியதும் ஜீப்பின் முன்பக்கம் பல் விழுந்த வாய் மாதிரி ஆகிவிட்டது. உள்ளே வண்டியின் அடிச்சட்டமான சேசியில், காய்ந்த சேற்றுக்குள் இரண்டு பெரிய கொக்கிகள் தெரிந்தன. வினோஜன் சேற்றைத் தட்டிவிட்டு, ஒன்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தான்.

"இதுலயே கட்டலாம்ணே. வண்டியே பிஞ்சாலும் இது பிய்யாது."

"இது எப்ப வந்துச்சு?"

"வண்டியோடவே இருக்குண்ணே. பழைய பம்பரும் சேறும் மறச்சிருந்திச்சு."

"முந்தியே இருந்துச்சா?" என்று மூக்கண்ணன் இரண்டு தடவை கேட்டார். பிறகு தலைவரைப் பார்த்தார். தலைவர் தவில்காரரைப் பார்த்து, "அடிங்கப்பா" என்றார்.

கயிற்றைக் கொக்கியில் கட்டினார்கள். முன்னால் ஆறு பேர் பம்பரைத் தோளில் சுமந்து போனார்கள். சூலம் ஆடியது, எலுமிச்சம்பழம் ஆடியது. விசயம் தெரியாதவர்கள் அதையும் ஒரு காவடி என்று நினைத்து வழிவிட்டுக் கும்பிட்டார்கள். அதற்குப் பின்னால் தேர். தேருக்குப் பின்னால் கயிறு இறுகி நிற்க, மூக்கண்ணன் சின்ன கியரில் ஒரே சீராக இறக்கிக்கொண்டு வந்தார். அந்த நேரத்தில் அவர் முகத்தில் குழப்பமே இல்லை.

சுதர்ஷினியின் வாசலுக்கு முதலில் வந்துசேர்ந்தது பம்பர்தான். அவள் தட்டோடு எழுந்து நின்றாள். இந்தப் பக்கம் பார்த்தாள், அந்தப் பக்கம் பார்த்தாள். என்ன செய்வதென்று தெரியாமல் அதற்கே முதலில் சூடம் காட்டினாள். தூக்கியவர்களும் மறுக்காமல் நின்று வாங்கிக்கொண்டார்கள். பிறகு தேர் வந்தது. தேங்காய் உடைத்தார்கள். அவள் வயிற்றில் கைவைத்து நெடுநேரம் கும்பிட்டாள்.

கடைசியாக ஜீப் வந்து நின்றது. மூக்கண்ணன் இறங்கினார். வேட்டியெல்லாம் கிரீஸ்.

"அப்பா, மொதல்ல வந்துச்சே, அது என்னா சாமி?"

மூக்கண்ணன் யோசித்தார். தலையைச் சொறிந்தார்.

"தெரியல புள்ள. தலைவர்கிட்ட கேட்டுப் பாப்பமா?"