நான் நிமிர்த்திய இறக்கை

கல்லூரிப் போட்டிக்காக என் மகள் ஒரு சின்னப் படகு செய்தாள். அடியில் மெல்லிய தகட்டில் இரண்டு இறக்கைகள். வேகம் பிடித்ததும் அவை படகைத் தண்ணீருக்கு மேலே தூக்கிவிடுமாம். "யமுனையில இந்த போட் வந்தா ஜல்தி ஆபீஸ் போயிடலாம்மா" என்பாள். ஜெயித்தால் கொச்சியில் படகு கட்டும் இடத்தில் பயிற்சி கிடைக்கும்.

அன்று காலை, கிட்வாய் நகர் வீட்டில் படகைத் துடைத்து வைத்தேன். இறக்கைகள் முன்பக்கம் சற்றுத் தூக்கி, கோணலாக இருந்தன. விரலால் அழுத்தி நேராக்கினேன்.

கல்லூரித் தொட்டியில் படகு ஓடியது; எழும்பவில்லை. அவள் பேட்டரியை மாற்றினாள், மோட்டாரைக் கழற்றிப் பார்த்தாள். அந்தக் கோணலில்தான் விஷயமோ என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்வரிசையில் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தேன். அத்தனை பேர் முன்னால் எழுந்து சொல்லக் கூச்சம். நேரம் முடிந்தது.

திரும்பும் பஸ்ஸில் சொன்னேன். "இறக்கை கோணலா இருக்குன்னு நான்தான் நிமித்தினேன்."

அவள் ஜன்னலிலிருந்து என் பக்கம் திரும்பினாள். "அந்தக் கோணல்தான்மா படகைத் தூக்கும். நிமித்தினது பரவாயில்ல. அங்கயே சொல்லியிருந்தா பத்து செகண்ட்ல வளைச்சிருப்பேன்."

திட்டவில்லை. என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

கூட்டத்தில் பேச எனக்கு இப்போதும் கூச்சம்தான். ஆனால் தெரிந்ததைச் சொல்லாமல் உட்கார்ந்திருந்தால் இருப்புக்கொள்வதில்லை, எழுந்துவிடுகிறேன்.